சத்தம் போன இடம்

கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிற அவரை அந்தத் தெருவில் எல்லோரும் பாம்புக்காது என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது மின் கட்டண ரசீதில் மட்டும் வரும். கார் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே, "பின்னாடி வலது பக்க ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு" என்று கொட்டகைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். கழற்றிப் பார்த்தால் கிழிந்துதான் இருக்கும். பக்கத்து டயர் கடைக்காரர் வைத்த பெயர் அது. மெச்சி வைத்தாரா, கேலிக்கு வைத்தாரா, யாருக்கும் தெரியாது. ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கார் உள்ளே நுழைந்தால் மனிதர்கள் உடம்பைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். இடப்பக்கம் டயர் கடை. வலப்பக்கம் கார் சீட்டுக்கு உறை தைக்கிற தையல்காரரின் கொட்டகை. நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்பு. தையல்காரர் தும்மினால் இந்தப் பக்கம் ஸ்க்ரூ டப்பா அதிரும்.

முன்பெல்லாம் வேலை என்றால் வேலையாக இருந்தது. ஒயர் இழுக்க வேண்டும், பலகை அறுக்க வேண்டும், கதவைப் பிரித்து ஸ்பீக்கர் வைக்க வேண்டும். இப்போது வருகிற கார்களில் பாதி ஒரே புகாரோடு வருகின்றன. போன் ப்ளூடூத்தில் சேர்கிறது, திரையில் பாட்டின் பெயர்கூட ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. இதற்கென்றே அவர் ஒரு வசனம் வைத்திருந்தார்.

"சத்தம் எங்கயும் செத்துப்போகாது சார். வேற எங்கயோ போயிருக்கும். எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு."

பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. போனில் சத்தம் அடியோடு குறைத்து வைக்கப்பட்டிருக்கும். அல்லது காரின் பெட்டி ரேடியோவில் நின்றுகொண்டு முறைத்துக்கொண்டிருக்கும். அல்லது வீட்டில் யாரோ காதில் மாட்டுகிற கருவியில் அந்தப் பாட்டு பாடிக்கொண்டிருக்கும். பழைய சேர்க்கையை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் பத்தில் எட்டுக்கு உயிர் வந்துவிடும். மிச்சமுள்ளதற்குத்தான் ஸ்டியரிங் பக்கத்து முகப்புப் பலகையைக் கழற்றிப் பின்னால் கை விட வேண்டியிருக்கும்.

போனைக் காரோடு இணைப்பதை அந்தத் தெருவில் ஜோடி சேர்ப்பது என்பார்கள். பாம்புக்காது எந்தக் காரைத் தொட்டாலும் முதலில் தன் சொந்தப் போனைத்தான் ஜோடி சேர்த்துப் பார்ப்பார். வண்டிக்காரர் போனில் ஆயிரம் கோளாறு இருக்கும், தன்னுடையது சுத்தமானது என்பது அவர் கட்சி. வேலை முடிந்ததும் தன் போனை அந்தக் காரிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதுதான் முறை. அவர் நீக்குவதில்லை. நாளைக்கு அதே கார் மறுபடி வந்தால் மறுபடி சேர்க்க வேண்டுமே என்று ஒரு சோம்பேறித்தனம். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, சொல்லிவிட வேண்டியதுதான். தெருவில் நடந்து போனால் நிற்கிற கார் ஒவ்வொன்றும் அவர் போனை அடையாளம் கண்டுகொள்ளும். வளர்த்த நாய் வாலாட்டுகிற மாதிரி.

ஒரு முறை கடைத்தெருவில் மனைவியோடு போனில் பேசிக்கொண்டே நடக்கிறார். காய் என்ன வாங்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதியில் குரல் காணாமல் போனது. பக்கத்தில் அப்போதுதான் கிளம்பிய ஒரு காரின் கண்ணாடிக்குள்ளிருந்து, "வெங்காயம் மறந்துடாதீங்க" என்று அவள் குரல் வந்தது. கார்காரர் திகைத்துப்போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊர்ல இருக்கிற கார் எல்லாத்தோடயும் ஜோடி சேர்ந்திருக்கீங்க. எனக்கு எத்தனை சக்களத்தி! போன் பண்ணா எவ எடுப்பாளோன்னு பயமா இருக்கு."

அன்றிலிருந்து கார்களுக்கு அந்த வீட்டில் சக்களத்தி என்றே பெயர். சாயங்காலம் அவர் வந்ததும், "இன்னைக்கு எத்தனை சக்களத்தி?" என்று கேட்பாள். அவர் நிறத்தைச் சொல்வார், அவள் மூக்கைச் சுளிப்பாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இப்படி ஏதாவது ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது.

பிறகு அவளுக்கு இதயம் பழுதுபட்டது. மாடிப்படி ஏற முடியாமல் போனது முதலில். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால்தான் தேவலை என்று ஆனது. நெஞ்சில் நீர் கட்டுகிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். மூச்சு வாங்குவது அதிகமானால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அவர்கள் இருந்த தளத்தில் எதிர் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பூட்டுத்தான் தொங்கும்.

"என்ன ஆனாலும் எனக்குப் போன் பண்ணு. டீ ஆறதுக்குள்ள வந்து நிப்பேன்" என்றார் பாம்புக்காது. சும்மா சொல்லவில்லை. ஸ்கூட்டரில் கொட்டகைக்கும் வீட்டுக்கும் அவ்வளவுதான் தூரம். அந்தப் போன் ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள். சாயும்போது தோள் பட்டு அதுவாகவே அவருக்கு அழைப்பு வந்துவிடும். எடுத்தால் ஒன்றும் கேட்காது, துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். தலையணை பண்ணுகிற 'கால்', அதாவது தலையணைக் கால் என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். முதலில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். சில முறை ஓடிய பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டார். யார்தான் ஓடிக்கொண்டே இருப்பார்கள்?

அன்றைக்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்திருந்தது. வழக்கமான புகார்தான். ப்ளூடூத் சேர்கிறது, சத்தம் இல்லை. வண்டிக்காரர் மருந்துக் கம்பெனி ஆள். போனைக் காதிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்கிறார். கொட்டகை வாசலில் மேலும் கீழும் நடந்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் போனைக் கேட்டு வாங்கிச் சோதிப்பது நடக்கிற காரியமாக இல்லை. பாம்புக்காது தன் போனைச் சேர்த்தார். திரையில் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. பாட்டைப் போட்டார். பொட்டுச் சத்தம் இல்லை.

அழித்துவிட்டு மறுபடி சேர்த்தார். ரேடியோ போட்டுப் பார்த்தார், கணீரென்று பாடியது. அப்படியானால் ஸ்பீக்கரில் குறையில்லை. முகப்புப் பலகையை நெம்பிக் கழற்றினார். பெட்டிக்குப் பின்னால் ஒரு சொருகி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதை அழுத்திச் சொருகினார். உண்மையில் அங்கேயே கோளாறு தீர்ந்துவிட்டது. ஆனால் அவர் போனிலிருந்து போட்ட பாட்டு அப்போதும் கேட்கவில்லை. அதனால் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, நன்றாக இருந்த பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன, பாம்புக்காதுக்கே கேக்கலியா?" என்று டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போனார். அது வேறு எரிச்சல்.

இரண்டு கையும் முகப்புக்குள் இருந்தபோது சீட்டின் மேல் கிடந்த போன் மின்னியது. வீடு. விரல் முட்டியால் பச்சையைத் தள்ளினார்.

"சொல்லும்மா... ஹலோ... ஹலோ..."

ஒன்றும் கேட்கவில்லை. போன் இந்தக் காரோடு சேர்ந்திருக்கிறது, காரோ ஊமையாகக் கிடக்கிறது, அவள் பேசினாலும் கேட்காது என்று அவருக்குத் தோன்றியது. கையை உருவிக்கொண்டு காருக்குப் போகும் சத்தத்தைப் போனுக்கு மாற்றலாம் என்பதற்குள் அழைப்பு தானாக அறுந்தது. தலையணைக் கால் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி மின்னியது. இந்த முறை கையைத் துடைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். நிசப்தம். துணி உரசும் சத்தம்கூட இல்லை. மாற்றுவதற்குப் பொத்தானைத் தேடும்போது மறுபடி அறுந்துபோனது. வாசலில் மருந்துக் கம்பெனி ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அவர் நினைத்தது, இந்த ஒரு ஸ்க்ரூவைப் போட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்பது. ஒரு ஸ்க்ரூ மூன்று ஆயிற்று. பெட்டியைப் பழையபடி மாட்டி, அடி பலமான பாட்டு ஒன்றைத் தேடி எடுத்து, போனில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார்.

பாட்டு வந்தது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"யோவ் பாம்பு! யாருய்யா இங்க பாட்டுப் போட்டது? ஊசி விரல்ல ஏறிடுச்சுய்யா!" என்று தையல்காரர் கத்தினார்.

தடுப்புக்கு அப்பால், சீட்டு உறை மாற்றுவதற்காக ஒரு பச்சைக் கார் நின்றிருந்தது. போன மாதம் பாம்புக்காது பெட்டி மாட்டிக் கொடுத்த கார். அவர் போன் இரண்டு கார்களோடும் ஒட்டிக்கொண்டு, சத்தத்தை எல்லாம் பழைய சிநேகிதிக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. டயர் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாம்புக்காதும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். சக்களத்தி வேலை, சாயங்காலம் சொல்லிச் சிரிக்கலாம் என்று அவள் முகம் மனதில் வந்தது. அந்த முகம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

பாட்டு அங்கே போனால், அவள் குரலும் அங்கேதான் போயிருக்கும்.

கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். வழியில் என்ன வந்தது, எதில் இடிக்காமல் தப்பினார், எதுவும் அவருக்கு நினைவில்லை.

கதவு தாழ் போடாமல் இருந்தது. பகலில் தனியாக இருக்கும்போது அவள் தாழ் போடாமல் இருக்கவே மாட்டாள். அவர் வந்து தட்டி நின்று நேரம் போகக்கூடாது என்று எழுந்து வந்து நீக்கி வைத்திருக்கிறாள். வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது, காலடியில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

சாவு வீட்டில் எல்லோரும் போன பிறகு அவளுடைய அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தங்கையின் போன் அவர் கையில் இருந்தது.

"மாப்ளே, ரெண்டு தடவை உங்களுக்குத்தான் பண்ணியிருக்கா. ரெண்டு தடவையும் நீங்க எடுத்திருக்கீங்க. என்ன சொன்னா?"

பாம்புக்காது அந்தப் போனை வாங்கித் திருப்பி வைத்தார்.

"மூச்சு முட்டுதுன்னா. இதோ வந்துட்டேன், பயப்படாதேன்னேன்."

அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதும் மாப்ளே. உங்க குரலைக் கேட்டுக்கிட்டே போயிருக்கா. அந்த மட்டும் நிம்மதி" என்றார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அவர்களும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னார்கள். சொன்ன பொய்யை இத்தனை வாயிலிருந்து கேட்பதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

கொட்டகையைத் திறந்தார். வேலை செய்தார். வேறு என்ன செய்வது? ஆனால் ஒரு கேள்வி அவரைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. ஏன் மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை? எழுந்து தாழ் நீக்கியிருக்கிறாள், தண்ணீர் குடித்திருக்கிறாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். அவ்வளவு செய்தவளுக்கு இன்னொரு முறை பொத்தானை அழுத்தத் தெம்பு இருந்திருக்குமே. தானே ஒரு பதிலும் வைத்திருந்தார். பச்சைக் கார் காலியாக நின்றிருக்க வேண்டும். அவளுக்கு எந்தப் பதிலும் கேட்டிருக்காது. லைன் சரியில்லை, எப்படியும் வந்துவிடுவார் என்று நினைத்து உட்கார்ந்திருப்பாள். நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரிகளைத் தள்ளினார். தையல்காரரிடம் அன்றைக்கு அந்தக் காரில் யாராவது இருந்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

ஒரு நாள் முற்பகல் பச்சைக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், தலையில் தொப்பி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பின் சீட்டில் அவர் மனைவி கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் இறங்கி வந்து, மனைவிக்குக் கேட்காத தூரத்துக்குப் பாம்புக்காதைத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, நீங்க மாட்டின பெட்டியில ஒரு கோளாறு. யாரோ போடுற பாட்டு, யாருக்கோ வர்ற போன் எல்லாம் என் வண்டியில வருது. அன்னைக்கு சீட்டு உறை மாத்த வந்தேன்ல, உறை தைச்சு முடியற வரைக்கும் கண்ணாடியை ஏத்திட்டு, வெயிலுக்கு ஏசி போட்டு உள்ள உக்காந்திருந்தேன்..."

 டயர் கடைக்காரர் வெளியே போட்டிருந்த பழைய டயரின் மேல் பாம்புக்காது உட்கார்ந்தார். "சொல்லுங்க சார்."

"திடீர்னு மணி அடிச்சுது. ஸ்டியரிங்ல பச்சைப் பட்டனை அழுத்துறதுக்குள்ள அதுவே எடுத்துக்கிச்சு. 'என்னங்க, என்னங்க'ன்னு ஒரு பொம்பளைக் குரல். தூக்கிவாரிப் போட்டுது. என் வீட்டுக்காரியும் அப்படித்தானே கூப்பிடுவா, பின்னாடி திரும்பிப் பார்த்தேன்னா பாத்துக்குங்க. ராங் நம்பர்மான்னு சொல்லிட்டு வெச்சேன்."

"மறுபடி வந்துச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்துச்சு. அதே குரல். என்னைப் பேசவே விடலை. 'என்னங்க, கதவைத் திறந்துதான் வெச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க'ன்னா." பெரியவர் பின் சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வாய்க்குள் சிரிப்பு வேறு. "பட்டப்பகல்ல, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு. இந்தக் காலத்துல இப்படி எல்லாம் போன் பண்றாளுங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். விடுவேனா? 'தூ, வெக்கமா இல்ல? வேற ஆளைப் பாரு. இன்னொரு தடவை போன் பண்ணினே, போலீஸ்ல சொல்லிடுவேன்'னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். அதோட வரலை. நானும் ஏசியை ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

பாம்புக்காது எழுந்திருக்கவில்லை. தகரத் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு முறைகூட அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை. பாம்புக்காது என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும், இந்த மனிதர் கண்ணாடியை இறக்கித் தடுப்பைத் தட்டியிருப்பார். என்னங்க என்றாள். உலகத்தில் எந்தப் புருஷனையும் அப்படிக் கூப்பிடலாம். மூன்றாவது தடவை ஏன் கூப்பிடவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. திட்டு வாங்கியவள் எப்படிக் கூப்பிடுவாள்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாரா இருக்கும் தம்பி?" என்றார் பெரியவர்.

சொல்லிவிட வாய் திறந்தது. எதிரே நின்ற முகத்தில் ஒரு கெட்டதும் இல்லை. வேடிக்கையான கதை ஒன்றைச் சொல்லிவிட்ட திருப்தி மட்டும் இருந்தது. பின் சீட்டிலிருந்து, "என்னங்க, ஆச்சா? கீரை வாடுது" என்று குரல் வந்தது. பெரியவர் சட்டென்று திரும்பி, "இதோ வந்துட்டேன்" என்றார்.

பாம்புக்காது எழுந்துபோய்ப் பச்சைக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்தார். பெட்டியின் திரையில் பெரியவரின் போனுக்குக் கீழே அவருடைய போனும் இருந்தது. பெட்டி மாட்டிய அன்றே நீக்கியிருக்க வேண்டியது. விரலை வைத்து அழுத்தினார். நீக்கவா என்று கேட்டது. நீக்கினார். பெரியவரின் போனை வாங்கிப் பாட்டுப் போட்டுப் பார்த்தார். நான்கு ஸ்பீக்கரும் சுத்தமாகப் பாடின.

"ராங் நம்பர்தான் சார்" என்றார்.

"இனிமே அந்தப் பொம்பளை கூப்பிட மாட்டாளே?"

"கூப்பிட மாட்டா சார்."